முதல் வைத்தியம் அடுப்படியில்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

இருமல், மூக்கடைப்பு என்றால் முதலில் நாட வேண்டியது அடுப்படியா, மருந்துக்கடையா? அடுப்படிதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் ஒரு கேள்வி கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். "இஞ்சிக்கும் மிளகுக்கும் எந்தக் காலேஜில் டாக்டர் பட்டம் கொடுத்தார்கள்?" என்றார். பட்டமா கேட்கிறீர்கள்? சளியை இளக்க டாக்டர் எழுதித் தருகிற புரோம்ஹெக்சின் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆடாதோடை இலையில் இருக்கும் வாசிசின் என்ற பொருளை மாதிரியாக வைத்துச் செய்தது. இலைதான் ஐயா அந்த மருந்துக்கு வாத்தியார்!

சரி, பட்டம் வாங்கிய மாத்திரை ஒன்றையும் பார்ப்போம். மூக்கடைப்புக்கென்று விற்கும் பல மாத்திரைகளில் ஃபினைல்எஃப்ரின் இருக்கிறது. 2023-ல் அமெரிக்க அரசின் மருந்துத் துறைக்கு ஆலோசனை சொல்லும் நிபுணர் குழு அதை ஆராய்ந்தது. வாயால் விழுங்கினால் அது மூக்கடைப்பைத் தீர்க்காது என்று 16 பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஒருவர்கூட மாற்றிச் சொல்லவில்லை. நம்ம தேனுக்கு? பிரிட்டனில் மருத்துவர்களுக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பு, சாதாரண இருமலுக்குத் தேன் கொடுத்துப் பார்க்கலாம் என்று 2019-ல் எழுதியே வைத்துவிட்டது.

இப்போது என் வீட்டுக் கதை. என் மகளுக்கு அப்போது ஏழு வயது. ராத்திரி இரண்டு மணி. படுத்தால் இருமல், உட்கார்ந்தால் இருமல். நான் பாட்டில்களை எடுத்து ஒவ்வொன்றாக லேபிள் படித்துக்கொண்டிருந்தேன். அடுப்படியில் ஒரு சத்தம். டொக்... டொக்... டொக். அம்மா இஞ்சி தட்டுகிறாள். லைட்கூடப் போடவில்லை, இருட்டிலும் அவள் கைக்கு இஞ்சி இருக்கிற இடம் தெரியும். சாறு பிழிந்து, தேனில் குழைத்து, ஒரே ஒரு ஸ்பூன்.

"பாட்டி, காரம்!"

"காரம் தொண்டைக்குள்ள போய்க் கதவைத் திறக்குதுடி. கொஞ்சம் இரு."

கால் மணி நேரம் ஆகியிருக்கும். இருமல் குறைந்தது. நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன், குறைந்தது. பிள்ளை தூங்கினாள். நான் இன்னும் மூன்றாவது பாட்டிலின் லேபிளில்தான் இருந்தேன். மறுநாள் ராத்திரியும் அதே டொக் டொக். அதற்கடுத்த ராத்திரி சத்தம் கேட்டதுமே மகள் தானாக எழுந்து வாயைத் திறந்துகொண்டு போய் நின்றாள்!

"ஆபத்தான இருமலையும் கஷாயத்தால் மூடி மறைப்பீர்கள்" என்றும் நண்பர் பயமுறுத்தினார். அதே அம்மாதான், எட்டு மாதக் குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கப்போன என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "ஒரு வயசு ஆகலை, தேன் கூடாது." தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி அந்த வயதுக் குடலில் விஷத்தை உண்டாக்கும் என்பதை நான் பின்னால்தான் படித்தேன். கொதிக்கிற தண்ணீரில் ஆவி பிடிக்கக் குழந்தையை உட்காரவிட மாட்டாள், வெந்துவிடும் என்று. என் மகனுக்கு ஒரு தடவை மூச்சு வாங்கி, விலா உள்ளே இழுத்தது. அன்று அவள் இஞ்சியைத் தொடவே இல்லை. "கிளம்பு, டாக்டர்கிட்ட" என்றாள். அடுப்படிக்குத் தன் எல்லை தெரியும் நடுவர் அவர்களே.

மணி அடித்துவிட்டீர்கள். அரை நிமிடம் கொடுங்கள்.

அம்மா இப்போது இல்லை. போன மாதம் எனக்குக் கடுமையான சளி. மூக்கு அடைத்து, தூக்கம் வராமல், இருட்டில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அடுப்படியில் சத்தம் கேட்டது. டொக்... டொக்... டொக். ஒரு நொடி, அம்மாதான் என்று நினைத்து எழுந்து உட்கார்ந்துவிட்டேன். என் மகள் கையில் ஸ்பூனோடு வந்தாள். லைட் போடவில்லை.

"காரமா இருக்கும். கொஞ்சம் இரு, அப்பா" என்றாள்.

நன்றி, வணக்கம்.