எழுதியதை வைத்துக்கொள்ளாத வட்டு

வணக்கம் நேயர்களே. லினக்ஸில் சேமிப்பகம் தொடர்பான நிரல் எழுதுகிறவர்கள் அதைச் சோதிக்க நிஜ வட்டைத் தொட வேண்டியதில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே மெய்நிகர் வட்டுகளைச் செய்து தரும். அவற்றில் ஒன்றைத் தருவது 'நல் பிளாக்' என்ற மாட்யூல், அதாவது கெர்னலில் வேண்டும்போது ஏற்றிக்கொள்ளும் துண்டு நிரல். இங்கே 'நல்' என்றால் வெறுமை. அந்தப் பொருளை மனத்தில் வையுங்கள்.

மாட்யூலை ஏற்றியதும், யாரும் கேட்காமலே 250 ஜிபி அளவில் ஒரு வட்டு வந்து நிற்கும். முதன்முதலில் நான் அதில் எக்ஸ்ட்-4 கோப்பு முறைமையை உருவாக்கினேன். பிழை எதுவும் வரவில்லை. மவுண்ட் செய்யப் போனால், அதாவது பயன்பாட்டுக்கு இணைக்கப் போனால், சூப்பர்பிளாக் (கோப்பு முறைமையின் அடிப்படை விவரங்கள் இருக்கும் பகுதி) சரியில்லை என்றது. என் கட்டளையில்தான் தப்பு என்று நினைத்து ஒரு மாலை முழுக்கத் தேடினேன். தப்பு அங்கே இல்லை. இந்த வட்டு, எழுதுவதை எல்லாம் வாங்கிக்கொண்டு 'முடிந்தது' என்று சொல்லும், எதையும் வைத்துக்கொள்ளாது.

காரணம் அதன் பிறப்பில் இருக்கிறது. 2014 ஜனவரியில் வெளியான 3.13 கெர்னலில், பல வரிசைகள் கொண்ட புதிய பிளாக் அடுக்கோடு (வட்டுக்கான கோரிக்கைகளைக் கையாளும் கெர்னல் பகுதி) சேர்ந்து வந்தது இது. அந்த அடுக்கின் வேகத்தை மட்டும் அளக்க வேண்டும்; தரவைச் சேமித்தால் அளவீடு கெடும். அந்த வேலைக்கு இந்த டீஃபால்ட் சரியானதே. ஆனால் வட்டு என்று நம்பி வருகிறவரிடம் அது வாய் திறக்காமல் இருப்பது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து.

தரவு நிலைக்க வேண்டுமானால் 'மெமரி பேக்டு' என்ற அமைப்பை 1 ஆக்க வேண்டும். கெர்னல் அமைப்புகளை அடைவுகளாகவும் கோப்புகளாகவும் மாற்றவிடும் கான்ஃபிக்-எஃப்எஸ் வழியாகச் செய்தால் செய்யும் வரிசை முக்கியம்: முதலில் வட்டுக்கான அடைவு, பிறகு அளவும் மற்ற அமைப்புகளும், கடைசியாகத்தான் வட்டை இயக்கும் 'பவர்'. பவர் கொடுத்த பிறகு மாற்றப் போனால் சாதனம் வேலையில் இருக்கிறது என்று மறுத்துவிடும். அளவிலும் ஒரு குழி உண்டு. மாட்யூலை ஏற்றும்போது கொடுக்கும் எண் ஜிகாபைட். கான்ஃபிக்-எஃப்எஸ்ஸில் அதே எண் மெகாபைட்.

தாமதத்தைக் கூட்டிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டீஃபால்ட் 10,000 நானோ விநாடி என்றுதான் காட்டும், ஆனால் வேலை முடிந்ததைத் தெரிவிக்கும் இன்டரப்ட் முறையை டைமருக்கு, அதாவது 2-க்கு, மாற்றாதவரை அந்த எண்ணுக்கு வேலையே இல்லை.

இதைவிட ஆபத்தானது 'ஸ்கஸி டீபக்' என்ற இன்னொரு மெய்நிகர் வட்டு மாட்யூல். அது தரவை வைத்துக்கொள்ளும். ஆனால் இரண்டு வட்டு கேட்டால், டீஃபால்ட்டாக இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே நினைவகம். ஒரு வட்டிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுக்கும் நிரலைச் சோதிக்கிறீர்கள் என்று வையுங்கள். நிரல் ஒரு பைட்டைக்கூட நகர்த்தாவிட்டாலும் ஒப்பீடு பொருந்தும், சோதனை தேறிவிடும்! புதிய கெர்னல்களில் 'பெர் ஹோஸ்ட் ஸ்டோர்' என்பதை 1 ஆக்கி, ஹோஸ்ட்டையும் (வட்டுகள் இணையும் போலிக் கட்டுப்படுத்தி) இரண்டாக்கினால் ஒவ்வொன்றுக்கும் தனி நினைவகம் கிடைக்கும். டீஃபால்ட் அளவு 8 மெகாபைட்தான், இரட்டிப்பானாலும் 16.