மூட்டமா, மடிப்பா? துருவ ஒளிக்கு ஷட்டர் நேரம்

வணக்கம். காற்றுச் சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நார்வேயில் ட்ரோம்சோவுக்கு வெளியே, ஊர் வெளிச்சம் எட்டாத இடத்தில் நிற்கிறேன். எனக்குப் பின்னால் சாம்பலாக ஒரு பட்டை தெரிகிறதா? மேகம் என்று நினைத்துவிடாதீர்கள், அதுதான் அரோரா, துருவ ஒளி. இப்போதுதான் ஒரு படம் எடுத்துப் பார்த்தேன், பச்சை! ஒளி மங்கலாக இருக்கும்போது நம் கண்ணுக்கு நிறம் பிடிபடாது, கேமராவுக்குப் பிடிபடும்.

இன்று ஷட்டர் நேரம், அதாவது கேமரா எவ்வளவு நேரம் திறந்திருந்து ஒளியை வாங்குகிறது என்பது பற்றித்தான் பேச வந்தேன். பலர் 15, 20 நொடி திறந்து வைத்துவிடுகிறார்கள். அரோரா அசையாமல் நின்றால் சரி. ஆடத் தொடங்கிவிட்டால் அந்தத் திரைச்சீலை மடிப்பெல்லாம் கரைந்து வெறும் பச்சை மூட்டமாகிவிடும். என் முதல் பயணத்தில் ஓர் இரவு முழுக்க எடுத்த படங்கள் அப்படித்தான் போயின. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

இப்போது லென்ஸ் திறப்பான அப்பெர்ச்சர் எஃப் 2.8, ஒளியுணர்வான ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 8 நொடி வைத்திருக்கிறேன். ஆட்டம் கூடினால் ஐஎஸ்ஓ 3200, 2 நொடி. ஆடும்போது பெரும்பாலும் வெளிச்சமும் கூடும், அதனால் படம் இருண்டுபோகாது. படத்தில் நாய்ஸ், அதாவது பொடிப் புள்ளி வரும், வரட்டும். அதைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம், கரைந்துபோன மடிப்பை மீட்க வழியே இல்லை.

ஃபோகஸுக்கு லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியை நம்பாதீர்கள். லைவ் வியூவில், அதாவது கேமராத் திரையில், பளிச்சென்ற ஒரு நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, ஃபோகஸ் வளையத்தை மெல்லத் திருப்புங்கள். ஊதிய பொட்டு சுருங்கிச் சுருங்கி ஊசிமுனையாகும். அதைத் தாண்டினால் மறுபடி ஊதும். ஊசிமுனையில் நிறுத்தி டேப் ஒட்டிவிடுங்கள்.

அப்புறம், லென்ஸுக்கு முன்னால் யூவி ஃபில்டர் கண்ணாடி மாட்டியிருந்தால் கட்டாயம் கழற்றுங்கள். அரோராவின் பச்சை, ஆக்சிஜன் அணுக்களிலிருந்து 557.7 நானோமீட்டர் என்ற ஒரே அலைநீளத்தில் வருகிறது. அந்த ஒற்றை நிறம் ஃபில்டர் கண்ணாடியின் இரு பரப்புகளிலும் பட்டுத் திரும்பும்போது, படத்தின் நடுவில் வட்ட வட்டமாக வளையங்கள் விழும். அவற்றை அழிப்பது பெரும்பாடு.

பேட்டரி குளிரில் சட்டென்று இறங்கும். இன்னொன்றை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்திருக்கிறேன்.

இருங்கள், மேலே பாருங்கள்! பட்டை விரிகிறது. கீழ் ஓரத்தில் இளஞ்சிவப்பு தெரிகிறதா? சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் நைட்ரஜன் ஒளிர்வது அது. 2 நொடிக்கு மாற்றிவிட்டேன்... எடுத்தாயிற்று. திரையைக் காட்டுகிறேன், இங்கே, இந்த இடது ஓரம். ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாக நிற்கிறது பாருங்கள்.