இதய மருந்தும் தோலில் வரும் தடிப்பும்

நேயர்களுக்கு வணக்கம்.

இதய இரத்தக்குழாயில் ஸ்டென்ட் பொருத்தி மூன்று வாரம்கூட நிறையாத ஒருவர், முதுகிலும் கைகளிலும் சிவந்த தடிப்புகளோடு, தோல் மருத்துவரான என்னிடம் வந்தார். நகத்தால் சொறிந்த தடங்கள் தோள்பட்டையில் வரிவரியாகத் தெரிந்தன. மாத்திரையைக் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். அரிப்பு தாங்காமல் முந்தாநாளே நிறுத்திவிட்டேன் என்றார். அதைக் கேட்ட பிறகு அவருடைய தோலைவிட அவருடைய இதயத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலையாயிற்று.

அவர் நிறுத்தியது குளோபிடோக்ரெல். ஸ்டென்ட் என்பது மெல்லிய உலோக வலை. இரத்தக்குழாயின் உட்பூச்சு அதன்மேல் படர்ந்து மூடும்வரை, இரத்தத்தின் தட்டணுக்கள் அதில் ஒட்டித் திரண்டு குழாயையே அடைத்துவிடக்கூடும் என்பதால்தான் ஆஸ்பிரினோடு இந்த மருந்தும் சேர்த்துத் தரப்படுகிறது. தொடக்க மாதங்களில் அதை நாமாக நிறுத்துவது மாரடைப்பில் போய் முடியலாம். மருந்து தொடங்கிய முதல் இரண்டு வாரங்களுக்குள் பெரும்பாலும் தலைகாட்டும் இந்தத் தடிப்பையோ, பலருக்கு மருந்தை நிறுத்தாமலே, அரிப்பைத் தணிக்கும் ஆன்டிஹிஸ்டமின் மாத்திரையும் சில நாட்களுக்கு ஸ்டீராய்டும் கொடுத்து அடக்கிவிட முடிகிறது. அடங்காவிட்டால் இதய மருத்துவர் டிகாக்ரெலார் போன்ற வேறொரு மருந்துக்கு மாற்றுவார். மாற்றும்போதும் இடையில் ஒரு நாளைக்கூட மருந்தில்லாமல் விடமாட்டார். அன்று அவருடைய இதய மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, அவர் சொன்ன அளவில் மாத்திரையை என் எதிரிலேயே விழுங்கவைத்த பிறகுதான் தடிப்புக்கு மருந்து எழுதினேன்.

நாடித்துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பான் வகை மாத்திரைகளையும் நாமாக நிறுத்தக்கூடாது. அவை சிலருக்குத் தோல் தடித்துச் செதில் செதிலாக உரியும் சொரியாசிஸ் நோயைக் கிளப்பிவிடுவது உண்மை. ஆனால் சட்டென்று நிறுத்தினால் நாடித்துடிப்பு எகிறி, நெஞ்சுவலி திரும்பலாம்.

ஆனாலும் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக்கூடாத நிலைகள் உண்டு. ராமிப்ரில், எனலாப்ரில், லிசினோப்ரில் என்று 'ப்ரில்' என முடியும் இரத்த அழுத்த மாத்திரைகளைச் சாப்பிடுவோரில் ஆயிரத்தில் சிலருக்கு உதடும் நாக்கும் திடீரென வீங்கும். அரிப்போ தடிப்போ இராது என்பதால், பூச்சி கடித்திருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். உடலில் பிராடிகினின் என்ற பொருள் சிதையாமல் தேங்குவதால் வரும் வீக்கம் இது. வழக்கமான ஒவ்வாமை மாத்திரைகளுக்குப் பெரும்பாலும் கட்டுப்படாது. பல ஆண்டுகள் தொந்தரவில்லாமல் சாப்பிட்டு வந்தவருக்கும் இது வரலாம். குரல் கம்முவதும், எச்சில் விழுங்க முடியாமல் போவதும் மூச்சுப்பாதை அடைபடுவதற்கான அறிகுறிகள். அடுத்த வேளை மாத்திரையைத் தொடாமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். அதுபோலவே, காய்ச்சலோடு வாயிலும் கண்ணிலும் புண் வருவது, தோல் கொப்பளித்து உரிவது, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையைத் தொடங்கிய முதல் பத்து நாட்களுக்குள் தொடையிலோ மார்பிலோ கடும் வலியோடு தோல் கறுத்துப்போவது ஆகியவற்றுக்கும் மருத்துவமனைதான் இடம்.

இதயத் துடிப்பின் ஒழுங்கின்மைக்குத் தரப்படும் அமியோடரோன் வேறு விதமானது. வண்டி ஓட்டும் ஒருவருக்கு ஜன்னல் பக்கத்துக் கை மட்டும் எரிந்து சிவந்திருந்தது. கண்ணாடியை ஏற்றித்தானே ஓட்டுகிறேன் என்றார். தோலைச் சுடுகிற புற ஊதாக் கதிர்களில் ஏ வகை, சாதாரண ஜன்னல் கண்ணாடியைக் கடந்து வரும். இந்த மருந்தோடு சேர்ந்து தோலைத் தாக்குவதும் பெரும்பாலும் அதுவே. நெடுங்காலம் சாப்பிடுகிற சிலருக்கு மூக்கும் கன்னமும் நீலச்சாம்பல் நிறமாகும். முகவாயை உயர்த்திப் பார்த்தால், வெயில் படாத அந்த மடிப்பு மட்டும் பழைய நிறத்திலேயே இருக்கும். உடலில் சேர்ந்துள்ள மருந்து பாதியாகக் குறையவே சராசரியாக 2 மாதம் ஆகுமாதலால், நிறுத்தியதும் மறுவாரமே நிறம் தெளியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முழுக்கைச் சட்டை, அகலமான தொப்பி, துத்தநாக ஆக்ஸைடு கலந்த சன்ஸ்கிரீன் ஆகிய மூன்றையும் முதல் மாத்திரையிலிருந்தே பழக்கமாக்கிக்கொள்வது நல்லது. ஹைட்ரோகுளோரோதையசைடு என்ற நீர்பிரிப்பு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இந்த எச்சரிக்கை தேவை.

அம்லோடிபின் என்ற இரத்த அழுத்த மாத்திரையால் கணுக்கால் வீங்குவது ஒவ்வாமை அன்று. நுண்ணிய தமனிகள் விரிவதால் நீர் கசிந்து தங்குகிறது. காலை உயர்த்தி வைத்தால் ஓரளவு குறையும். இதயம் பலவீனப்பட்டாலும் கால் வீங்கும் என்பதால், காரணத்தை மருத்துவரே பார்த்துச் சொல்லட்டும்.

அரிப்புக்கு வீட்டில் செய்யக்கூடியவை எளியவைதான். வெந்நீரைத் தவிர்த்து வெதுவெதுப்பான நீரில் குளிக்கலாம். சோப்பைக் குறைத்து, ஈரம் காயுமுன் வாசனை சேர்க்காத ஈரப்பசைக் களிம்பைத் தடவலாம். கடையில் தாமாக மாத்திரை வாங்குவதில்தான் எனக்குப் பெரிய அச்சம். ஒவ்வாமைக்கென விற்கப்படும் சில மாத்திரைகளில் மூக்கடைப்பு நீக்கும் மருந்தும் கலந்திருக்கும்; அது இரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் ஏற்றும். ஸ்டீராய்டு மாத்திரையோ உடலில் நீரைத் தேக்கும். பலவீனமான இதயத்துக்கு அது பெரும் பாரம்.

மருத்துவரிடம் வரும்போது மாத்திரை அட்டைகளை ஒன்று விடாமல் கொண்டுவாருங்கள். ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் தொடங்கியது, தடிப்பு முதலில் எந்த நாளில் எங்கே வந்தது என்று ஒரு தாளில் எழுதி, மறைவதற்குள் கைப்பேசியில் படமும் எடுத்துவிடுங்கள். 'ஏதோ ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை' என்பதை வைத்து எங்களால் எதையும் முடிவுசெய்ய இயலாது. 'ராமிப்ரில், இந்தத் தேதி, நாக்கு வீங்கியது' என்று எழுதிய சிறு அட்டை சட்டைப்பையில் இருந்தால், நீங்கள் பேச முடியாத நிலையில் கொண்டுவரப்பட்டாலும், அந்த வகை மருந்தை இன்னொருவர் உங்களுக்கு எழுதமாட்டார்.