ஓடையும் ரோடும் குறுக்கிடும் இடம்

நேயர்களுக்கு வணக்கம்.

நகரமைப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மனைப்பிரிவுக்கு அனுமதி கேட்டு வரும் வரைபடங்களைச் சரிபார்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. எந்த வரைபடம் வந்தாலும் நான் முதலில் தேடியது ஒரே இடத்தைத்தான்: தண்ணீர் ஓடும் வழியும் மனிதர்கள் உள்ளே வரும் வழியும் எங்கே குறுக்கிடுகின்றன?

மனை விற்பனை விளம்பரங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 23 அடி சாலை, 30 அடி சாலை, பூங்கா, தெருவிளக்கு என்று இருக்கும். சரி, அதெல்லாம் உள்ளே. பஸ் போகிற ரோட்டிலிருந்து மனைப்பிரிவின் வாசல் வரைக்கும் இருப்பது யாருடைய நிலம்? அந்த வழியில் பெரும்பாலும் ஒரு வாய்க்காலோ ஓடையோ குறுக்கே வரும். மேட்டு நிலமெல்லாம் எப்போதோ வீடாகிவிட்டது. மிச்சம் இருப்பது ஏரிக்குக் கீழே இருந்த வயலும் பள்ளமும்தானே!

சென்னைக்குத் தெற்கே ஒரு கிராமம். பெயர் வேண்டாம். சித்திரை வெயிலில் இடம் பார்க்கப் போனோம். மனு போட்டவர்களின் வரைபடத்தில் அது சமதளமான தரிசு. அணுகுசாலையாக ஒரு வண்டிப்பாதையைக் காட்டியிருந்தார்கள். கிராம நிர்வாக அலுவலர் கொண்டுவந்த புலப்படத்தை, அதாவது சர்வே எண்ணின் எல்லையையும் அளவையும் காட்டும் அரசு வரைபடத்தை, விரித்தால், அந்தப் பாதைக்குக் குறுக்கே இரட்டைக் கோடாக ஓர் ஓடை. மேல் ஏரி நிரம்பினால் அதன் கலங்கலில், அதாவது உபரித் தண்ணீர் வெளியேறும் இடத்தில், வழிகிற தண்ணீர் கீழ் ஏரிக்குப் போகிற ஓடை அது. தரையில் பார்த்தால் ஓடை இருப்பதே தெரியவில்லை, புல் மூடிக் கிடந்தது. அங்கே இரண்டு ஹியூம் பைப், அதாவது பெரிய சிமென்ட் குழாய், பதித்து, மேலே மண் கொட்டி ரோடு போடுவதாகத் திட்டம்.

அந்த ஊர் நீர்க்கட்டி, மதகு திறந்து வயலுக்குத் தண்ணீர் பங்கிட்ட பெரியவர், எங்களோடு நின்றிருந்தார். "இப்ப பாத்தா என்ன சார் தெரியும்? ஐப்பசி அடைமழைல வந்து பாருங்க" என்றார். சொன்னவர் காலால் மண்ணைக் கீறிக் காட்டினார். ஒரு விரற்கடை ஆழத்தில் வெள்ளை வெள்ளையாக நத்தை ஓடுகள். பக்கத்தில் காய்ந்த கோரை. அப்புறம் ஒரு பனைமரத்துக்குக் கூட்டிப்போனார். என் இடுப்பு உயரத்தில், மரத்தைச் சுற்றி ஒரே மட்டமாகச் சேற்றுக்கறை. "எவ்வளவு நாள் நிற்கும்?" என்று கேட்டேன். "பொங்கல் வரைக்கும் நிக்கும் சார்" என்றார்.

நேயர்களே, நத்தை ஓடு, கோரை, மரத்தில் கறை. திரும்பவும் சொல்கிறேன்: நத்தை ஓடு, கோரை, மரத்தில் கறை. கோடையில் நிலம் பார்க்கப் போகிறவர்கள் இந்த மூன்றையும் தேடிப் பாருங்கள்.

அந்த இரண்டு பைப்புக்கு வருகிறேன். பள்ளத்தின் குறுக்கே மண் கொட்டி ரோடு போட்டால் அது ஒரு கரை. கரைக்கு மேல்பக்கம் தண்ணீர் தேங்கத்தான் செய்யும். பைப்பில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பையும் அடைத்துக்கொண்டால் இன்னும் ஏறும். முதலில் மூழ்குவது மேல்பக்கத்து ஊர். இந்த மனைக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ரோட்டுக்கு மேலே தண்ணீர் ஓட ஆரம்பித்துவிட்டால் உள்ளே குடியிருப்பவர்கள் வெளியே வர முடியாது, ஆம்புலன்ஸ் உள்ளே போக முடியாது. ஆகவே ஓடையின் முழு அகலத்தையும் விட்டு அதன்மேல் பாலம் கட்ட வேண்டும், ஓடையை ஒட்டிய மனை வரிசையை எடுத்துவிட வேண்டும், நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று வராமல் அனுமதி கூடாது என்று குறிப்பு எழுதினேன். மனு போட்டவர்களுக்கு வருத்தம்தான். ஆனால் திருத்திய வரைபடத்தில் அந்த வரிசை இல்லை.

இதே சங்கதி பெரிய அளவில் நடந்த இடம் பள்ளிக்கரணை. தென்சென்னையில் இருக்கும் சதுப்பு நிலம் அது, கழுவெளி என்று சொல்வார்கள். சுமார் 250 சதுர கிலோமீட்டரில் பெய்கிற மழை, ஏரி ஏரியாக நிரம்பி வழிந்து அங்கே வந்து சேர்கிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலுக்குப் போகிறது. அந்தச் சதுப்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு பல்லாவரம்–துரைப்பாக்கம் 200 அடி சாலை போகிறது. 2015 டிசம்பரில் தென்சென்னைத் தெருக்களில் படகு விட்டதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2022இல் மிச்சமிருந்த சதுப்பில் 1,247 ஹெக்டேருக்கு ராம்சர் தகுதி, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற தகுதி, கிடைத்தது. மனதுக்கு நிறைவான செய்தி அது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகளின்படி, சராசரி உச்ச வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள், படகுத்துறை தவிர, நிரந்தரக் கட்டுமானம் கூடாது. ஆனால் பாசனத்துக்காக மனிதர்கள் அமைத்த ஏரியை அந்த விதிகள் ஈரநிலக் கணக்கில் சேர்க்கவில்லை. நம் பக்கத்தில் தண்ணீர் நிற்கிற இடம் என்றால் பாதிக்கு மேல் ஏரிதான்! ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே ஓடுகிற ஓடையும் புறம்போக்குதான், யாரும் விற்க முடியாது. ஆனால் மனு வரைபடத்தில் அதைக் காட்டாமல் விட்டால், யாராவது புலப்படத்தை விரித்துப் பார்த்தால்தான் உண்டு.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சைகை காட்டுகிறார்கள். அணுகுசாலை உரிமையைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கிச் சொல்கிறேன். உள்ளே இருக்கும் சாலைகளை மனை போடுகிறவர் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்தாக வேண்டும். வெளியே அணுகுசாலை அடுத்தவர் பட்டாவில் போனால் வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். நாளைக்கு அவர் மகன் வேலி போட்டால் உங்களுக்கு வழி கிடையாது. புலப்படமும், நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் அ-பதிவேடும் சர்வே எண் கொடுத்தால் அரசு இணையதளத்திலேயே கிடைக்கும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், மனையின் எண்ணுக்கு மட்டும் இல்லை, அணுகுசாலையின் சர்வே எண்ணுக்கும் சேர்த்து எடுத்துப் பாருங்கள். அங்கீகாரமில்லா மனைகளை வரன்முறைப்படுத்துவது பற்றியும் சொல்ல வேண்டியிருந்தது, அதற்கு இன்று நேரமில்லை.

நன்றி, வணக்கம்.