ஏரிக்கரையில வீடா? பாஸ்பரஸ் எந்த வழியாப் போகுதுன்னு பாருங்க

வணக்கம் மக்களே. ஏரிக்கரையில வீடு வச்சிருக்கிறவங்களுக்கான வீடியோ இது. தண்ணி பச்சையானா பாசியைத் திட்டுறோம். பாசி என்ன பண்ணும், கிடைச்ச சாப்பாட்டைத் தின்னு வளருது. நன்னீர் ஏரியில அந்தச் சாப்பாடு பெரும்பாலும் பாஸ்பரஸ். கனடாவுல 1973-ல ‘ஏரி 226’-ஐ நடுவுல திரை கட்டி ரெண்டாப் பிரிச்சாங்க. ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும் போட்டாங்க. மறுபக்கம் அதோட பாஸ்பரஸும் சேர்த்தாங்க. பாஸ்பரஸ் விழுந்த பக்கம்தான் பச்சைப்பசேல்னு ஆச்சு.

சரி, நம்ம வீட்டுல இருந்து அது எப்படிப் போகுது? முதல் சந்தேகம் செப்டிக் டேங்க் மேலதான். கெட்டியானது அடியில சகதியாப் படியும், எண்ணெய்ப்பசை மேல ஆடையா மிதக்கும். நடுவுல இருக்கிற தண்ணி மட்டும்தான் வெளியே மண்ணுக்குப் போகணும். சகதியும் ஆடையும் சேர்ந்து ஆழத்துல மூணுல ஒரு பங்கைத் தொட்டா அள்ளியே ஆகணும். வருஷம் பூரா குடியிருக்கிற வீட்டுக்கு 3-ல இருந்து 5 வருஷத்துக்கு ஒருக்கா. மூடியைத் திறந்து தலையை விட்டுப் பார்க்காதீங்க, விஷவாயு ஆளைக் கொல்லும். அளக்குறதையும் தொழில் தெரிஞ்ச ஆளை வச்சே செய்யுங்க.

தள்ளிப்போட்டா என்ன ஆகும்? சகதி வெளிக்குழாய்ல ஏறி மண்ணோட துவாரத்தை அடைச்சிடும். அதுக்கப்புறம் டேங்கை அள்ளினாலும் அந்த மண்ணு லேசுல பழைய நிலைக்கு வராது. இன்னொண்ணு, மண்ணுல இருக்கிற இரும்பும் அலுமினியமும்தான் பாஸ்பரஸைப் பிடிச்சு வைக்குது. மண்ணு ஊறிப்போய் காத்தே இல்லாமப் போனா, இரும்பு பிடியை விட்டுடும். அதனால வாரத்துத் துணியை எல்லாம் ஒரே நாள்ல துவைக்காதீங்க. டேங்க் தண்ணி இறங்குற மண்ணுப் பக்கம் கூரைத் தண்ணியைத் திருப்பாதீங்க, அந்த மண்ணு மேல வண்டி நிறுத்தாதீங்க. டேங்குல கொட்டச் சொல்லி விக்கிற பொடியெல்லாம் சகதி அள்ளுறதுக்கு மாத்து கிடையாது.

அடுத்தது கரை. தண்ணி வரைக்கும் ஒட்ட வெட்டின புல்தரை பார்க்க அழகு, ஏரிக்கு அது ஒரு சறுக்குமரம். வேர் மேலோட்டமா இருக்கும், மழைத்தண்ணி மண்ணையும் உரத்தையும் வழிச்சுக்கிட்டு நேரா இறங்கும். கரையை ஒட்டி 10 மீட்டராவது வெட்டாம விடுங்க. அந்த மண்ணுக்கே உரிய கோரை, நாணல், புதர் தானா வரும். வராத இடத்துல நடுங்க. இறங்குற பாதை 1 மீட்டர், மிஞ்சிப்போனா ஒன்றரை மீட்டர் அகலம் போதும், வளைஞ்சு போகணும். நேர்ப்பாதைன்னா மழைக்கு அதுவே வாய்க்கால்.

உரம் போட்டே ஆகணுமா? மூட்டையில மூணு எண் இருக்கும். நடு எண்தான் பாஸ்பரஸ், அது 0-வா இருக்கிறதை வாங்குங்க. அடுப்புச் சாம்பலையும் தண்ணி ஓரமாக் கொட்டாதீங்க, அதுலயும் பாஸ்பரஸ் இருக்கு. ‘மக்கும் சோப்பு’ன்னு எழுதியிருந்தாலும் ஏரியில இறங்கித் தேய்க்க வேண்டாம்.

படகு வேற ஏரிக்குப் போய் வந்தா செடி, சேறு எல்லாம் எடுத்து, உள்ள தேங்கின தண்ணியை வடிச்சு, காயவச்சுட்டு இறக்குங்க. கரையோரம் மெதுவா ஓட்டுங்க, அலை அடிச்சா அடிச்சேறு கலங்கும்.

இதெல்லாம் செஞ்சு மாற்றம் தெரியுதான்னு பார்க்க, தண்ணி எவ்வளவு தெளிவா இருக்குன்னு அளக்குற ‘செக்கி தட்டு’ போதும். 20 சென்டிமீட்டர் வட்டத்தட்டு, கறுப்பு வெள்ளையா நாலு கால்பாகம், நடுவுல அளவு போட்ட கயிறு, அடியில எடை. படகோட நிழல் பக்கம் இறக்கி, மறையுற ஆழத்தையும் தூக்கும்போது தெரியுற ஆழத்தையும் குறிச்சு சராசரி எடுங்க. உச்சி வெயிலை ஒட்டின நேரத்துல, ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா, எப்பவும் அதே இடத்துல, கூலிங் கிளாஸ் போடாம.