தொடங்கிய இடத்துக்கு ஒரு பலகை

(மலேசியாவின் கூலிம் நகரில், கோயில் மண்டபக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஐயாமார்களே, அம்மாமார்களே, தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

நம் கூலிமுக்குப் பக்கத்து ஊர்தான் புக்கிட் மெர்தாஜம். 1948-இல் அங்கே நடந்த ஒரு நிகழ்ச்சியில் பினாங்கு இளைஞர் ஒருவர் மேடையேறிப் பாடினார். இந்தியாவிலிருந்து வந்து சிங்கப்பூரில் மலாய்ப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த பி.எஸ். ராஜ்ஹன்ஸ் அந்தப் பாட்டைக் கேட்டார். குரல் பிடித்துப்போய்ச் சிங்கப்பூருக்கு அழைத்துக்கொண்டார். அந்த இளைஞர்தான், பின்னாளில் மலாய்ப் படவுலகின் பெரும் நடிகரும் பாடகருமான பி. ரம்லி. அதே ஆண்டு 'சிந்தா' படத்தில் பின்னணி பாடினார், வில்லனாகவும் நடித்தார். 1950-இல் 'பக்தி' படத்தில் கதாநாயகனாகிவிட்டார். அந்தப் படத்தை இயக்கிய எல். கிருஷ்ணன் சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர், நம்மவர்.

பினாங்கில் ரம்லி பிறந்த வீட்டைச் செப்பனிட்டுக் காப்பாற்றுகிறார்கள். கோலாலம்பூர் செத்தாபாக்கில் அவர் குடியிருந்த வீடு 1986-இல் நினைவகமானது. மிக நல்ல காரியம். ஆனால் அந்தக் குரல் ஊராரின் குரலாக மாறியது ஒரு மேடையில், சனங்களுக்கு நடுவில். அந்த மாதிரி இடங்களிலும் ஒரு நினைவுப் பலகை வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும் என்பது என் ஆசை.

இப்படிக் காட்டுவதால் என்ன கிடைக்கும் என்று கேட்பீர்கள். நியூயார்க்கில் நடந்ததைச் சொல்கிறேன். பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண்ணில் ஓர் அடுக்குமாடி இருக்கிறது. சாதாரணக் குடும்பங்கள் வாடகைக்கு இருக்கும் கட்டடம். 1973 ஆகஸ்ட் 11 அன்று சிண்டி கேம்பல் என்ற பெண், பள்ளி திறப்பதற்குள் புதுத்துணி வாங்கப் பணம் வேண்டும் என்று, அந்தக் கட்டடத்தின் பொதுக்கூடத்தில் ஒரு விருந்து வைத்தார். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். இசைத்தட்டு போட்டவர் அவருடைய அண்ணன், ஜமைக்காவிலிருந்து குடியேறியவர். டிஜே கூல் ஹெர்க் என்று இன்று உலகம் அவரை அறியும். ராப் பாட்டும் டிஜே இசையும் சேர்ந்த ஹிப்-ஹாப் கலை பிறந்த நாள் என்று கொண்டாடுவது அந்த இரவைத்தான். அண்ணன் பெயர் எல்லாருக்கும் தெரியும். ஏற்பாடு செய்த தங்கையின் பெயரையும் நாம் சேர்த்தே சொல்லவேண்டும்.

2007-இல் அந்தக் கட்டடம் வரலாற்றுப் பதிவேட்டில் சேரத் தகுதியுள்ளது என்று நியூயார்க் மாநிலம் ஏற்றுக்கொண்டது. அப்போது அங்கிருந்த குடித்தனக்காரர்களுக்குப் பெரிய கவலை. கட்டடம் கைமாறினால் வாடகை ஏறிவிடும், வெளியேறத்தான் வேண்டும். 'இது ஹிப்-ஹாப் பிறந்த வீடு' என்பதை முன்வைத்தே அவர்கள் போராடினார்கள், ஊர் திரும்பிப் பார்த்தது. தோட்டம் விற்கப்பட்டு, தொழிலாளர்களின் லயத்து வீட்டைக் காலி செய்த குடும்பங்கள் இந்த மண்டபத்திலும் இருக்கின்றன. அவர்களுக்கு நான் இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

லண்டனில் 1867 முதல் நினைவுப் பலகை பதிக்கிறார்கள். அங்கே ஒரு விதி உண்டு: ஆள் இறந்து 20 வருடம் ஆகியிருக்கவேண்டும், அவரோடு தொடர்புள்ள கட்டடம் நிற்கவேண்டும். நமக்கு இந்த விதி சரிப்படாது. நம்முடைய கட்டடங்கள் மரமும் தகரமும்தானே! தோட்டத்து மரங்களை வெட்டி நிலத்தைச் சமன்படுத்தும்போது முதலில் போவது அவைதான். கட்டடம் போனாலும் இடம் இருக்கிறது. கோயம்புத்தூரில் சாமிக்கண்ணு வின்சென்ட், ரயில்வேயில் வேலை பார்த்தவர், புரொஜெக்டர் வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். 1914-இல் வெரைட்டி ஹால் என்ற நிலையான கொட்டகையைக் கட்டினார். இன்றும் அந்தத் தெருவுக்கு வெரைட்டி ஹால் ரோடு என்றுதான் பெயர். தெருப்பெயரும் ஒரு பலகைதான்.

சரி, நம்மிடம் என்ன இருக்கிறது? தோட்டத்துத் திருவிழாவில் உறுமி மேளம் அடித்துப் பழகிய கோயில் வாசல்கள் இருக்கின்றன. இன்று அந்த மேளம் இல்லாமல் தைப்பூசக் காவடி நகராது. வெள்ளைத்துணி கட்டி எம்.ஜி.ஆர். படமும் சிவாஜி படமும் காட்டிய திடல்கள் இருந்தன, பாய் கொண்டுபோய் இடம் பிடித்தவர்கள் இங்கே முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். அப்புறம் நம் பிள்ளைகளின் தமிழ் ராப். யோகி பி, நட்சத்ரா குழுவினரின் 'வல்லவன்' இசைத்தொகுப்பு 2006-இல் வந்து தமிழ்நாட்டையும் திரும்பிப் பார்க்க வைத்தது. அந்தத் தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. எங்கே ஒத்திகை பார்த்தார்கள், எந்த மேடையில் முதலில் பாடினார்கள் என்று அவர்களிடமே கேட்கலாம். 20 வருடம் எதற்குக் காத்திருக்கவேண்டும்?

2005-இன் தேசிய மரபுடைமைச் சட்டப்படி, ஒன்றைத் தேசிய மரபுடைமையாக அறிவிக்கும்படி யார் வேண்டுமானாலும் அமைச்சருக்கு முன்மொழியலாம். கட்டடம் மட்டுமில்லை, கலையையும் முன்மொழியலாம். அது பெரிய படி, நாளாகும். அதற்கு முன்னால் கோயில் சுவரிலும் பள்ளி வாசலிலும் நாமே ஒரு பலகை வைக்கலாம். நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். என்ன நடந்தது, யார் செய்தார்கள், எந்த ஆண்டு என்று தமிழிலும் மலாயிலும் எழுதினால் சரி. மேளம் அடித்தவரின் பெயரோடு, தோல் கட்டிக் கொடுத்தவர் பெயரும், அவர்களுக்குச் சோறு ஆக்கிப் போட்ட அம்மாக்கள் பெயரும் வரட்டும்.

ஆனால் ஆதாரம் இல்லாமல் எழுதக்கூடாது. இருவர் மூவர் தனித்தனியாக ஒரே இடத்தைக் காட்டவேண்டும், பழைய படமோ நோட்டீஸோ இருந்தால் இன்னும் நல்லது. வாசலருகே ஒரு மேசை போட்டிருக்கிறோம். பெரியவர்கள் சாப்பிடப் போகுமுன் அங்கே வந்து, உங்கள் தோட்டத்தில் திரை கட்டிய இடம் எது, மேளம் பழகிய இடம் எது என்று சொல்லுங்கள். தம்பிமார்கள் கைப்பேசியில் பதிவு செய்துகொள்வார்கள்.