மாமா கடைக்கு வந்த இரண்டு விற்பனையாளர்கள்

நடுவர் அவர்களே, வணக்கம். விற்பனை விளக்கம் எடுபடுவது முழு விவரத்தாலா, எளிமையாலா என்பது தலைப்பு. எளிமையால்தான் என்பது என் கட்சி. "சிங்கப்பூர் வாடிக்கையாளர் விவரமானவர், எல்லாவற்றையும் காட்டினால்தான் நம்புவார்" என்றார் எதிரணி நண்பர். விவரமானவர்தான், ஒப்புக்கொள்கிறேன். அதனாலேயே தனக்குச் சம்பந்தமில்லாத பேச்சை உடனே கண்டுகொள்கிறார்.

2023 டிசம்பர். சிங்கப்பூர் தேக்காவில் என் மாமாவின் மளிகைக் கடை. ஜனவரி 1 முதல் ஜிஎஸ்டி 8 விழுக்காட்டிலிருந்து 9 ஆகிறது. இங்கே வரி சேர்த்த விலையைத்தான் கடையில் காட்ட வேண்டும். வரிக்கு முன் ஒரு பொருளின் விலை 10 வெள்ளி, அதாவது 10 சிங்கப்பூர் டாலர் என்றால், 10.80 சீட்டைக் கிழித்துவிட்டு 10.90 ஒட்ட வேண்டும். கடை முழுக்க! மாமாவுக்கு அந்த மாதம் வேறு நினைப்பே இல்லை.

பில் போடும் மெஷின் விற்க ஒருவர் மடிக்கணினியோடு வந்தார். நிறுவனம் பிறந்த கதை, வாங்கிய விருதுகள், கிளைகள் உள்ள நாடுகள். வெளியே சரக்கு லாரி காத்து நிற்கிறது. மாமா கேட்டார்: "தம்பி, வரி மாறினா இதுல நானே மாத்திக்க முடியுமா?"

"அது 31ஆவது ஸ்லைடில் வருதுங்க."

மாமா சரக்கு இறக்கப் போய்விட்டார்.

அந்த இளைஞரை நான் குறை சொல்லவில்லை. ராத்திரி முழுக்க உழைத்துத் தயாரித்திருப்பார். ஆனால் அந்த உழைப்பில் கடையைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, நடுவர் அவர்களே! வங்கிக்கும் அதே 40 ஸ்லைடு, மளிகைக் கடைக்கும் அதே 40 ஸ்லைடா?

அடுத்த வாரம் இன்னொருவர் வந்தார். கல்லா ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்று வியாபாரத்தைப் பார்த்தார். "அண்ணே, உங்களுக்கு இப்போ பெரிய தலைவலி எது?" என்றார். மாமா சொன்னார். வந்தவர் ஒரு பருப்புப் பொட்டலத்தை எடுத்துத் தன் மெஷினில் ஸ்கேன் செய்தார், வரியை மாற்றினார், புது விலைச் சீட்டை அச்சடித்து மாமா கையில் கொடுத்தார். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

எளிமை என்றால் மேலோட்டம் என்கிறது எதிரணி. நாற்பதில் எது இவருக்கு வேண்டும் என்று பிரித்தெடுக்க, நாற்பதும் தெரிந்திருக்க வேண்டாமா? இரண்டாவதாக வந்தவருக்குத் தெரிந்திருந்தது. முழு விவரத்தையும் தாளாகக் கல்லாவில் வைத்துவிட்டுப் போனார். மாமா கடை சாத்தியபின் கண்ணாடி போட்டுக்கொண்டு அதைக் கடைசிப் பக்கம் வரை படித்தார். மறுநாள் காலையில் மாமாவே அவருக்குப் போன் செய்து வரச் சொன்னார்.

நன்றி, வணக்கம்.